விண்ணளக்கும் ஒளிக்கற்றை

நுழையும்முன்

மேகமும் மழையும் புயலும் வளிமண்டலத்தின் அடித்தளத்தில் நிகழ்பவை. அவற்றுக்கு மேலே பலூன்கள் எட்டாத, செயற்கைக்கோள்கள் தாழ்ந்து வர இயலாத பரப்பு ஒன்று உள்ளது. அங்கு நிலவும் வெப்பநிலை எவ்வளவு? அதனை முடிவு செய்வது எது? தென்னிந்திய அறிவியலாளர்கள் இவ்வினாக்களுக்கு விடை தேடிய முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலையுச்சிக்கு மேலே

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் மலையின் உயரம் 2668 அடி. அடிவாரத்தில் கிரிவலம் வருவோர்மீது வீசும் காற்றைவிட உச்சியில் வீசும் காற்று குளிர்ந்தது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது, சராசரியாக 6.5° செல்சியஸ் வெப்பம் குறைகிறது. அவ்வாறாயின், மேலே செல்லச் செல்ல வானம் குளிர்ந்துகொண்டே போகும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

நம் பகுதியில் கீழடுக்கு ஏறத்தாழ 17 கி.மீ. உயரம் வரை நீள்கிறது. அதன் மேல் எல்லையில் வெப்பநிலை −80° செல்சியசை ஒட்டி அமைகிறது. அதற்கு அடுத்த மீள் அடுக்கில், ஓசோன் வளி புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் வெப்பம் மீண்டும் ஏறுகிறது, 50 கி.மீ. உயரத்தில் 0°ஐ நெருங்குகிறது. அதன்மேல் உள்ள இடையடுக்கில் மறுபடியும் வீழ்ந்து, 80 கி.மீ.க்கு மேல் −90° அளவை எட்டுகிறது. அதனையும் கடந்து வெப்ப அடுக்கில் நுழைந்தால் வெப்பநிலை பல நூறு பாகை உயர்கிறது.

எட்டாத உயரம்

ஆய்வுப் பலூன்கள் பெரும்பாலும் 40 கி.மீ.க்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. 100 கி.மீ. உயரத்தில் சுற்ற முயலும் செயற்கைக்கோளைக் காற்றின் உராய்வு வீழ்த்திவிடும். எனவே, இடையடுக்கை நேரில் சென்றடைய ஆய்வு ஏவூர்தி ஒன்றே வழி. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி புறப்பட்டது. பின்னாளில், சோவியத் நாட்டின் எம்-100 ஏவூர்திகள் அங்கிருந்து வாரந்தோறும் ஏவப்பட்டு, உயர்வானின் வெப்பத்தையும் காற்றையும் அளந்தன. ஆயினும், ஏவூர்தியின் அளவீடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரவு முழுவதும் நிகழும் மாற்றத்தைக் காண வேறொரு கருவி தேவைப்பட்டது.

ஒளியே அளவுகோல்

திருவண்ணாமலைக்கு வடக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில், திருப்பதிக்கு அருகே காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில், 1024 யாகி அலைவாங்கிகள் சதுர வடிவில் அணிவகுத்து நிற்கின்றன. இவை 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ரேடாரின் உறுப்புகள். 1998இல் ஜப்பானின் ஒத்துழைப்புடன் அங்கு லைடார் கருவியும் நிறுவப்பட்டது.

லைடார் பச்சைநிற லேசர் ஒளியைத் துடிப்புகளாக வானை நோக்கிச் செலுத்துகிறது. காற்றின் மூலக்கூறுகள் அவ்வொளியைச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தோன்றக் காரணமான அதே ராலே சிதறல்தான் இங்கும் நிகழ்கிறது. சிதறிய ஒளியின் மிகச் சிறு பகுதி கீழே உள்ள தொலைநோக்கியை வந்தடைகிறது. 60 கி.மீ. உயரம் சென்று திரும்ப ஒளிக்கு ஒரு நொடியில் 2500இல் ஒரு பங்கு நேரமே ஆகும். திரும்பிவர எடுத்த நேரம் உயரத்தைச் சொல்கிறது. வந்த ஒளித்துகள்களின் எண்ணிக்கை காற்றின் அடர்த்தியைச் சொல்கிறது. அடர்த்தி தெரிந்தால், இயற்பியல் விதிகளைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடலாம். இவ்வாறு, 30 கி.மீ. முதல் 80 கி.மீ. வரையிலான வெப்பநிலை தரையில் இருந்தபடியே அறியப்படுகிறது. மேகமற்ற இரவுகளே இதற்கு ஏற்றவை.

வானில் எழும் அலைகள்

இவ்வாறு பெற்ற வெப்பநிலைக் கோடு வழுவழுப்பாக அமைவதில்லை; அலையலையாக நெளிகிறது. அந்நெளிவுகள் வளிமண்டல ஈர்ப்பலைகளின் அடையாளங்கள். (விண்மீன்களின் மோதலால் எழும் ஈர்ப்பு அலைகள் வேறு; இவை வேறு.) மலையில் மோதும் காற்றோ, இடிமேகத்தின் வேகமான எழுச்சியோ காற்றை மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து கனத்துக் கீழிறங்குகிறது. இறங்கிய வேகத்தில் தன் நிலையைத் தாண்டி, மீண்டும் மிதந்து எழுகிறது. இவ்வூசலாட்டம் அலையாகி மேலே பரவுகிறது.

50 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்று மெலிய மெலிய அலையின் வீச்சு பெருகுகிறது. கீழே சிற்றலையாகப் பிறந்தது இடையடுக்கை அடையும்போது பேரலையாகிக் கரையில் மோதும் கடலலைபோல உடைகிறது. தான் சுமந்துவந்த உந்தத்தை அங்கேயே இறக்கிவைக்கிறது. அவ்வுந்தம் உயர்வானின் காற்றோட்டத்தையே மாற்றுகிறது.

திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1992இல் அமைத்த ரேடார், 70 முதல் 100 கி.மீ. வரையிலான காற்றோட்டத்தைப் பதிவு செய்தது. நாள்தோறும் எழும் வளிமண்டல ஓதங்களையும், பல நாள் நீளும் கோளலைகளையும் அது இனங்காட்டியது.

தெரிந்து தெளிவோம்

புவியின் வளிமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த இடம், கோடைக்காலத் துருவத்தின் மேலுள்ள இடையடுக்கின் உச்சி. அங்கு அப்போது சூரியன் மறைவதே இல்லை. அலைகள் உடைவதால் எழும் காற்றோட்டம் அங்குள்ள காற்றை மேலே இழுத்து விரியச் செய்வதே இக்குளிருக்குக் காரணம்.

கீழே வெம்மை, மேலே குளிர்ச்சி

கரியமில வாயு பெருகுவதால் நிலம் வெப்பமடைகிறது. அதே வாயு, காற்று மெலிந்த உயரத்தில் வெப்பத்தை விண்வெளிக்கு உமிழ்ந்து, அப்பகுதியைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த உயர்வான் சுருங்குகிறது. அதனால், செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில் காற்றின் தடை குறைகிறது. பழுதடைந்த விண்கலங்களின் சிதைவுகள் எரிந்து விழாமல் நெடுங்காலம் சுற்றுகின்றன.

இம்மாற்றத்தை ஓரிரவின் அளவீட்டால் உணர முடியாது. அலைகள் ஒரே இரவில் வெப்பநிலையைப் பல பாகை ஏற்றி இறக்குகின்றன. நிலையான குளிர்ச்சியோ ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அலையின் ஆட்டத்தைக் கழித்தால்தான் காலத்தின் போக்குத் தெரியும். ஆகவே, பல்லாண்டுகள் இடைவிடாது எடுக்கப்பட்ட அளவீடுகள் விலைமதிப்பற்றவை. ஒருமுறை தவறவிட்ட இரவின் வானத்தைப் பின்னர் எவராலும் அளக்க இயலாது. அந்தத் தொடர்ச்சியைக் காக்கும் கடமை இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தலைமுறையைச் சார்ந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் காலை, மாலை வெப்பநிலையை ஒரு திங்கள் அளவும் குறித்து, வரைபடமாக்குக. நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கத்தையும் திங்களின் பொதுப்போக்கையும் வேறுபடுத்தி விளக்குக.
2. ‘நிலம் வெப்பமடைய, உயர்வான் குளிர்கிறது’ – இக்கூற்றின் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.