நாய்க்குட்டியைக் கயிற்றுக்குப் பழக்கும் முறை

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரக் கிராமங்கள் பலவற்றில், நாய் ஆட்டை விரட்டவோ அயலாரைக் கடிக்கவோ தொடங்கிய பிறகே கட்டுவதற்குக் கயிறு தேடப்படுகின்றது. அதுகாறும் கட்டறியாத பிராணி, கழுத்து இறுகியவுடன் புரண்டு கதறும்; கட்டினவன் கையையே கவ்வும். அதனை நாயின் துர்க்குணமென்பது நியாயமன்று.

புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் இயல்பு குட்டிக்கு ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் வரையிலேயே மிகுதி. 8 வாரத்திற்குமுன் தாயைவிட்டுப் பிரித்தலாகாது. ஆதலின் வளர்ப்பவனுக்குக் கிடைப்பது ஒரு மாத காலமே.

கயிற்றுக்கு முன் கைப்பழக்கம் வேண்டும். குட்டி விளையாடி அலுத்திருக்கும் வேளையில், ஒரு கையை மார்பின் கீழும் மற்றொன்றைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து மடியில் அணைத்தல் வேண்டும். முதல் நாளில் மூன்றெண்ணும் நேரம் போதும். அது அமைந்திருக்கும் கணத்தில் விடுதலே முக்கியம். துள்ளும்போது விட்டால், துள்ளினால் விடுதலை உண்டென்று கற்றுக்கொள்ளும். துள்ளிற்றாயின் பிடித்த நேரம் அதிகமென்றறிந்து மறுமுறை குறைத்துக்கொள்க. பின்னர்க் காது, வாய், பாதம் ஆகியவற்றைத் தொட்டு, தொட்டவுடன் முள் நீக்கிய அவித்த மீன் துணுக்கொன்று கொடுத்து வரலாம். கருவாடு கைக்கெளிதாயினும் உப்பு மிகுதியால் குட்டிக்கு ஆகாது.

கழுத்துக்குப் பருத்தி நாடாவே தக்கது. பனைநாரும் பழைய வலைக்கயிறும் தோலை அறுக்கும். நாடாவினுள் இரண்டு விரல் நுழையுமளவு தளர்வு வேண்டும். குட்டி விரைந்து வளர்வதால் வாரந்தோறும் சோதிக்க. உண்ணும் வேளையில் நாடாவை அணிவித்தால் சொறிவதை மறக்கும். அது பழகியபின் இரண்டு முழக் கயிற்றைக் கட்டி முற்றத்தில் இழுத்துத் திரிய விடலாம். சீமைக்கருவேல முள்ளில் கயிறு சிக்குமாதலின் கண்பார்வையிலேயே இருத்தல் வேண்டும். அடுத்து நுனியைக் கையிற் பற்றி, குட்டி சென்ற வழியே சில அடி செல்க. அது இழுத்தால் நின்றுவிடுக, வெட்டி இழுத்தலாகாது. கயிறு தொய்ந்தவுடன் நடக்க. நண்பகல் மணல் பாதத்தைச் சுடுமாதலின் காலை மாலைகளே ஏற்றவை. கட்டிவைத்தல் இதன் பின்னரே. அதுவும் ஆள் அருகிருக்க, நிழலிலும் நீருடனும், சில நிமிஷங்களிலிருந்து தொடங்குக.

1985 வரை இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த இராஜபாளையத்தின் வெள்ளை நாய்களிற் சில பிறவிச் செவிடாயிருப்பதுண்டு. பின்னிருந்து கைதட்டினால் தெரிந்துவிடும். கூப்பிட்டால் வாராத அத்தகைய குட்டிக்குக் கயிறே காப்பு.

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். பின்னரும் கால்நடை மருத்துவர் கூறும் தவணைகளில் தொடரவேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதனோ பிராணியோ பிழைத்தல் அரிது. கைப்பழக்கமற்ற நாயை ஊசிக்குப் பிடிக்க இயலாமல் விட்டுவிடுதல் குடும்பத்துக்கே அபாயம்.

தை முதல் பங்குனி வரை இரவிற் கரையேறும் பங்குனி ஆமை, ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டை இடும். அவிழ்த்துவிட்ட நாய்கள் அவற்றைத் தோண்டித் தின்பதாலும் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகங்களிற் புதைத்துக் காக்கின்றனர். அம்மாதங்களில் இரவிற் கட்டிவைப்பதும், விடியலிற் கரைக்குச் செல்கையில் கயிற்றுடனே கொண்டுசெல்வதும் அவசியம். மணலில் ஆமைத்தடம் கண்டால் நாயை அப்பால் கட்டிவிட்டு வனத்துறையினருக்கு அறிவிக்க.