புகையோடு போகும் வெப்பத்தால் நெல் ஊறவைக்கும் நீரைச் சூடாக்கல்

கொடியடுப்பின் பயனை அறியாதார் இலர். முதலடுப்பிற் சோறு வேகும்போது, அதனைக் கடந்து செல்லும் அனல் கொடியடுப்பிலுள்ள நீரையும் சுடவைக்கின்றது. அதற்கெனத் தனி விறகு வேண்டியதில்லை. நெல் அவிக்கும் கமக்காரரும் சிறிய ஆலை நடத்துவோரும் இம்முறையைத் தம் தொழிலிலும் கையாளலாம்.

சுடுநீர் ஏன் வேண்டும்?

நெல்லைப் பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் அது புளித்து, அரிசியில் தீய நாற்றம் பற்றும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடைகளிற் புழுங்கலரிசி வாங்குவோர் அதனைக் கையிலள்ளி முகர்ந்து பார்ப்பர். நாறும் அரிசிக்கு நல்ல விலை கிடையாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறைப்படி, 70 பாகைச் சூட்டில் (சதமவளவை) மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஊறவைத்தாற் போதும், நாற்றமும் உண்டாகாது. 1,000 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 லீற்றர் நீரை 85 பாகைக்குச் சூடாக்கி ஊற்றினால், நெல்லோடு கலந்தபின் சூடு 70 பாகையளவில் நிற்கும்.

வெப்பக் கணக்கு

ஒரு லீற்றர் நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். 500 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 100 கிலோ உமி கிடைக்கும். ஒரு கிலோ உமி எரியும்போது சுமார் 8 கிலோ புகைவாயு உண்டாகும். 250 பாகையில் வெளியேறும் அவ்வாயுவை 150 பாகைக்குத் தணித்தால், 100 கிலோ உமியின் புகையிலிருந்து 20,000 கிலோகலோரி வரை பெறலாம். இது 400 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 80 பாகைக்கு உயர்த்தப் போதியது. வழியில் இழப்பு உண்டாதலால் நடைமுறையில் இதனினும் குறைவாகவே கிடைக்கும்.

அமைக்கும் முறை

வீட்டில் நெல் அவிப்போர், அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடையே கொடியடுப்புப் போன்ற வாய் அமைத்து, அதன்மேல் நீர்ப்பீப்பாவை வைக்கலாம். ஆலையிற் புகை செல்லும் வழியிலே குழாய்களைப் பொருத்தி, அவற்றை மேலேயுள்ள தாங்கியோடு இணைக்க வேண்டும். சூடான நீர் தானே மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். கொதிகலன்களுக்கு இத்தகைய குழாய்த்தொகுதியை அமைத்து, இங்கிலாந்தில் எட்வேட் கிறீன் என்பார் 1845 இல் உரிமம் பெற்றார்.

கவனிக்க வேண்டியவை

1. தாங்கியை ஒருபோதும் இறுக மூடலாகாது. ஆவி வெளியேற வழியில்லையாயின் அது வெடித்து உயிரைக் குடிக்கும்.

2. குழாயில் நீர் வற்ற விடலாகாது.

3. குழாய்மேற் படியும் சாம்பலையும் கரியையும் அடிக்கடி துடைக்க வேண்டும். படிவு வெப்பத்தைத் தடுக்கும்.

4. புகையை 120 பாகைக்குக் கீழே தணியவிடின் இழுவை குன்றும்; ஈரம் படிந்து இரும்பு துருப்பிடிக்கும்.

5. ஊறும் நெல்லின் சூட்டை வெப்பமானியால் அளந்தறிக. 75 பாகையைத் தாண்டினால் உமி வெடித்து மணி சிதையும்.

6. அமுக்கத்தில் இயங்கும் கொதிகலனில் தகுதிபெற்ற பொறியியலாளரின் ஆலோசனையின்றி எம்மாற்றமும் செய்யற்க.

இவ்வாறு மிச்சமாகும் உமியைக் கரியாக்கி, நாற்றுமேடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடலாம். வானிற் கலந்து வீணாகும் வெப்பம் இவ்வழியால் அரிசிக்கு நல்ல விலையாகவும் மண்ணுக்கு வளமாகவும் கமக்காரரிடமே திரும்பி வரும்.