லைன் நிற்கும் நேரம்

அன்புள்ள செல்வி,

ஒரகடத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். அந்த ஊரிலேயே நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2017 மே 12, வெள்ளிக்கிழமை கிளம்பிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அந்த வார இறுதியிலேயே ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் உற்பத்தியைப் பாதித்தது. பிரான்ஸில் ரெனோ ஆலைகளும் இங்கிலாந்தில் சண்டர்லாந்து நிசான் ஆலையும் அடிவாங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நடுவில் 59 நாள்.

அப்படியானால் வந்த அன்றே போட்டுவிட வேண்டியதுதானே என்பாய். 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் சர்வர் அப்டேட்டை உடனே போட்ட பலருக்கு, டொமைன் கன்ட்ரோலர் திரும்பத் திரும்பத் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. சிலருக்கு ஹைப்பர்-வியில் ஓடும் சர்வர்கள் எழவே இல்லை. திருத்தம் 17ஆம் தேதிதான் வந்தது. பொங்கல் போனது போனதுதான்.

ஆகவே நடுவழி ஒன்று வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் பேட்ச்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்கக் காலையில் வெளியாகும்; நமக்கு அது இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன் காலை உன் வேலை படிப்பது மட்டுமே: எந்த ஓட்டையை ஏற்கெனவே ஆட்கள் பயன்படுத்துகிறார்கள், அது நம் சர்வர் எதில் இருக்கிறது? அப்படி ஒன்று இருந்தால் வார இறுதிவரை காத்திருக்காதே. மற்றவற்றை டெஸ்ட் சர்வரில் போட்டுச் சில நாள் ஓடவிடு. பிறகு பிரிண்ட் சர்வர் போன்றவை, கடைசியில் ஈஆர்பி. இரண்டு டொமைன் கன்ட்ரோலருக்கும் ஒரே இரவில் போடாதே.

பலர் செய்யாத ஒன்று சொல்கிறேன். பல மாதம் நிறுத்தாமல் ஓடிய சர்வரை, பேட்ச் போடுவதற்கு முன் ஒருமுறை சும்மா ரீஸ்டார்ட் செய்து பார். எழாவிட்டால் கோளாறு பழையது என்று தெரிந்துவிடும். இல்லையேல் பழி பேட்ச் மேல் விழுந்து இரவெல்லாம் தவறான இடத்தில் தேடுவாய். பேக்கப் எடுத்தால் போதாது, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்க வேண்டும். போட்டு முடித்ததும் பிங் வருகிறது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதே. லேபிள் ஒன்று அச்சாகட்டும், டிஸ்பாட்ச்காரர் ஒரு இன்வாய்ஸும் இ-வே பில்லும் போட்டுப் பார்க்கட்டும். கேட்டில் லாரி நின்றால் யாரும் பிங்கைக் கேட்க மாட்டார்கள்.

மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தனிக் கதை. பேட்ச் போட்டால் சப்போர்ட் கிடையாது என்று மெஷின் விற்றவர் சொல்வார். அவரோடு சண்டை வேண்டாம். அவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, 445 போர்ட்டை மூடு. வான்னாக்ரை பரவிய வழி அதுதான். புதிதாக வரும் மெஷினையும் ஸ்கேன் செய்யாமல் சேர்க்காதே. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளை நிறுத்தியது அப்படிப் புதிதாக இணைத்த ஒரு கருவிதான். உள்ளே வந்தது வான்னாக்ரையின் வகையறா.

இதில் கம்ப்யூட்டர் பாதிதான். மீதி, நேரம் கேட்டு வாங்குவது. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் யாரும் தானாக வந்து 'இந்தா, இரண்டு மணி நேரம்' என்று தரமாட்டார்கள். கன்வேயருக்கும் பிரஸ்ஸுக்கும் மெயின்டனன்ஸ்காரர்கள் ஷட்டவுன் தேதி வாங்கி வைத்திருப்பார்கள்; சர்வர் பெயர் அந்த அட்டவணையில் இருக்காது. இருந்திருந்தால் பல ஆலைகளில் அந்த 59 நாளில் ஒரு ஞாயிறாவது கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

புரொடக்‌ஷன் மேனேஜரைப் போய்ப் பார். மாதம் ஒரு ஞாயிறு இரவு, அவசரத்துக்கு யாரை எழுப்பலாம், நின்றுபோனால் எத்தனை மணிக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது, இந்த மூன்றையும் மெயிலில் வாங்கிக்கொள். முதல் தடவை மறுப்பார். அடுத்த மாதமும் போ.

அன்புடன்,
மாமா