பழைய நுண்கணனியை மீள ஆக்குதல்

1976 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் ஸ்டீவ் வொஸ்னியாக் என்பார் அமைத்த ‘அப்பிள் 1’ என்னும் நுண்கணனியை இன்று பலர் தம் வீட்டு மேசைமீது புதிதாக ஆக்கி வருகின்றனர். அன்று செய்யப்பட்டவை ஏறக்குறைய 200. ஒன்றின் விலை 666.66 டொலர். அவற்றுள் ஒன்று 2014 இல் 905,000 டொலருக்கு ஏலத்தில் விலைபோயிற்று. மூலப்பொறியைக் கண்ணாற் காண்டலே அரிது. அதன் படியை ஆக்குதலோ அத்துணை அரிதன்று. இஃது எங்ஙனம் கூடிற்று என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1975 மார்ச்சில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையில், ‘ஹோம்பிரூ கணனிக் கழகம்’ முதன்முறை கூடிற்று. அக்கழகத்தாருக்கு வொஸ்னியாக் தம் பொறியின் மின்சுற்றுப் படங்களைப் பிரதிசெய்து இலவசமாக வழங்கினார். வேண்டியவர்க்குப் பொறியைக் கட்டவும் துணைநின்றார். பின்னர் விற்பனைப் பொறியோடு வந்த கைந்நூலிலும் அப்படங்கள் அச்சாயின. பொறியினுள் உறையும் கட்டளைத் தொகுதியும் ஓரெழுத்தும் விடாமல் அச்சாயிற்று. இன்று படி ஆக்குவோர்க்கு முதல் இவ்விரண்டுமே.

அக்கட்டளைத் தொகுதியின் அளவு 256 பைற்று மாத்திரமே. விசைப்பலகையிற் தட்டியதை வாங்குதல், நினைவகத்தைக் காட்டுதல், மாற்றுதல், ஓரிடத்திலிருந்து இயங்கத் தொடங்குதல் ஆகிய அனைத்தும் இச்சிறு எல்லைக்குள் அடங்கின. மாணவன் ஒருவன் சில நாட்களில் இதனை முற்றாகக் கற்றுவிடலாம். நாம் இன்று கையாளும் கணனி எதனைப்பற்றியும் இவ்வாறு சொல்லுதல் இயலாது.

இப்பொறியிற் கற்கத்தக்க மற்றோர் உறுப்பு திரைப்பகுதி. நினைவகச் சில்லுகள் விலைமிக்கிருந்த காலமாதலின், திரையில் தோன்றும் எழுத்துக்களை வொஸ்னியாக் 1024 பிற்று கொண்ட நகர்வுப் பதிவகங்களில் வைத்தார். இவை ஏற்றத்து வாளிகள் போன்றன அல்ல, செக்குமாடு போன்றன. உள்ளே புகுந்த எழுத்து ஓயாது சுற்றிவரும். அதன் முறை வருங்காற்றான் மாற்றலாம். தொலைக்காட்சித் திரை செக்கனுக்கு 60 முறை வரையப்படுதலின், ஒரு சுற்றுக்கு ஓரெழுத்தாகச் செக்கனுக்கு 60 எழுத்துக்களே திரையேறும். வரிக்கு 40 எழுத்தாக 24 வரி நிரம்பச் சுமார் 16 செக்கன் செல்லும். எழுதியதை அழித்தலும் இயலாது; பிழையென உணர்த்த ஓர் அடிக்கோடு மாத்திரம் தோன்றும்.

அந்நகர்வுப் பதிவகங்கள் இன்று பழம்பொருள்களாகவே கிடைக்கின்றன. இங்குதான் ஆக்குவோர் இருதிறத்தினராய்ப் பிரிகின்றனர். ‘மிமியோ 1’ போன்ற படிகள் மூலத்தின் ஒவ்வொரு கோட்டையும் அவ்வண்ணமே பின்பற்றுவன. ‘ரெப்ளிக்கா 1’ போன்றவை, 1975 இல் 25 டொலருக்கு வெளிவந்த 6502 நுண்செயலியையும் கட்டளைத் தொகுதியையும் பேணிக்கொண்டு, திரைப்பகுதிக்குப் புதிய சில்லுகளை இடுவன. முதற்கண் கற்போர்க்கு இரண்டாவதே ஏற்றதென்பது எமது துணிபு. பழஞ்சில்லைத் தேடிப் பொருளிழந்து மனஞ்சோர்தலினும், இயங்கும் பொறியொன்றைக் கண்முன் காணுதல் நன்று. ஆயினும் திரைப்பகுதியின் பழைய படத்தைப் படியாது விடுதல் தகாது.

மூலத்தை முற்றும் ஒத்த படியை ஆக்குவோர்க்கு மேலுமொரு கடப்பாடுண்டு. ஏலவிலை மேற்கூறிய அளவினதாகையால், படியை மூலமென விற்போர்க்கு இடமுண்டாம். எனவே பலகைமீது ‘படி’ என்றும் ஆக்கிய ஆண்டையும் அழியாவாறு பொறித்தல் வேண்டும். படங்களையும் திருத்தங்களையும் பிறர்க்கு வழங்குவோரும் எவ்விடத்தில் மூலத்தினின்று விலகினார் என்பதைக் குறித்தே வழங்கல் வேண்டும். அன்றேல் பின்வருபவர் மாற்றத்தை மூலமென்றே கொள்வர்.

வேலையின் ஒழுங்கு பற்றிச் சில சொல்வாம். சில்லுகளை நேரே பற்றாசிடாது, தாங்கிகளையே முதலிற் பற்றாசிடுக. மூலப்பலகைக்கு 5, 12, −5, −12 என நால்வகை வோல்ற்று வேண்டும். சில்லொன்றும் இடாதபோதே இவற்றை மானிகொண்டு அளந்து சரிபார்க்க. பின்னர்த் திரைப்பகுதியை மாத்திரம் நிறைவாக்கி இயக்கலாம். அது நுண்செயலியின்றியே தொழிற்படும். மின் செலுத்தியவுடன் திரையில் ஒழுங்கற்ற குறிகள் நிறைந்து மினுங்கும். அஞ்சற்க, அது பழுதன்று. நுண்செயலியும் ஏனையவும் இட்டபின், திரை துடைக்கும் விசையையும் மீளத்தொடங்கும் விசையையும் முறையே அழுத்தினால், ஒரு சாய்கோடு தோன்றும். கட்டளைத் தொகுதி ஏவலுக்குக் காத்திருப்பதன் அடையாளம் அதுவே.

அதன்பின் கைந்நூலிற் காணும் பதினொரு பைற்றுச் சோதனை நிரலைத் தட்டி இயக்குக. எழுத்துக்கள் வரிவரியாக ஓயாது ஓடும். மீளத்தொடங்கும் விசையை அழுத்தும்வரை நில்லா.