அண்டையிலுள்ள அரிய காட்சிகள்

மாணவர்களே! அயல்நாட்டு அற்புதங்களைக் காண விழைகின்றோம், அண்டையிலுள்ளவற்றை அறியாதிருக்கின்றோம். தருமபுரி மாவட்டத்து அரூருக்கு அருகே உயர்ந்து நிற்பது தீர்த்தமலை. அதன்மீதுள்ள திருக்கோயிலருகே இராமதீர்த்தம் பாறை முகட்டிலிருந்து மெல்லிய தாரையாக வீழ்கின்றது. கோடையிலும் அது வற்றாது என்பர்.

அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் இதனினும் புதுமையான காட்சி ஒன்று உண்டு. அதுவே எடுத்தனூரிற் கண்டறியப்பட்ட நடுகல். 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஆட்சியில், அது நாட்டப்பெற்றது. போரிட்டு மாண்ட வீரனுடன் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்த அந்நாயின் பெயர் கோவிவன். பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் கல்லில் அப்பெயர் நிலைத்துள்ளது.

பொருளறியாதார் இத்தகைய கற்களைத் துணி துவைக்கவும் படிகட்டவும் பயன்படுத்தியதுண்டு. உங்கள் ஊர்ப்புறத்தே எழுத்துள்ள கல்லைக் காணின், சிதையாமற் காத்து, ஆசிரியரிடம் அறிவியுங்கள்.