‘அவளுக்கு என்ன புரியும்?’

ஆட்டிசம் உள்ள பெண்ணுக்குப் பத்து வயது நெருங்கினால், ‘இவ வயசுக்கு வந்துட்டா என்னம்மா பண்ணப் போற?’ என்று தாயிடம் கேட்காத உறவுக்காரர் அபூர்வம். கேட்கிறவர்கள் கையோடு பதிலும் வைத்திருப்பார்கள். அந்தப் பதில்களில் பல தவறு, சில ஆபத்து.

‘பொம்பளைப் பிள்ளைக்கு ஆட்டிசமா? இது கூச்ச சுபாவம்.’

ஆட்டிசம் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே 11 குழந்தைகளில் 3 பேர் பெண்கள். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பல ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றுக்கு ஒன்று என்பதே உண்மைக்கு நெருக்கமாகத் தெரிந்தது. பெண்களில் பலர் வெளியே தெரியாதபடி சமாளித்துவிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்தால் தானும் சிரிப்பது, அவள் பேசுகிற மாதிரியே பேசுவது என்று பள்ளியில் ‘நல்ல பிள்ளை’யாகப் பகலை ஓட்டிவிட்டு, வீட்டு வாசலில் பையை வீசிவிட்டு அழுவாள். ‘பள்ளிக்கூடத்துல ஒழுங்காத்தானே இருக்கா, வீட்லதான் செல்லம்’ என்று பழி தாயின் தலையில் விழும்.

ஆறாம், ஏழாம் வகுப்பில் தோழமையின் விதிகள் மாறுகின்றன. ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் ரகசியம் பேசவும் ஜாடையாகக் கிண்டல் செய்யவும் தொடங்குகிறார்கள். இவளுடைய சமாளிப்பு அங்கேதான் உடைகிறது. பலருக்கு ஆட்டிசம் பதின்வயதில்தான் கண்டறியப்படுவதற்கு இது ஒரு காரணம்.

‘அவளுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்.’

தோழி வேண்டும் என்று ஏங்கும் பெண்களே அதிகம். பிடிக்காதது கூட்டமும் இரைச்சலும்தான். புரிந்துகொள்ளாமை ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு பக்கமும் இருக்கிறது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். பத்துத் தோழிகள் வேண்டாம். அவளுக்குப் பிடித்த ரயிலோ பூனையோ தனக்கும் பிடித்த ஒருத்தி போதும்.

‘வயசுக்கு வந்தா சரியாயிடும், கல்யாணம் ஆனா சரியாயிடும்.’

ஆகாது. ஆட்டிசம் வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. கல்யாணத்தை வைத்தியமாக நினைப்பவர்கள் இரண்டு பேரின் வாழ்க்கையோடு விளையாடுகிறார்கள். இதன் மறுபக்கமாக, பதின்வயதில் எது நடந்தாலும் ‘வயசுக் கோளாறு’ என்று ஒதுக்குவதும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு முதன்முதலாகத் தலைகாட்டும் பருவங்களில் இதுவும் ஒன்று. திடீரென்று வெறித்த பார்வை, சில நொடி நினைவு தப்புவது போன்றவை தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணமில்லாத கோபம்போலத் தெரிவது சில சமயம் சொல்லத் தெரியாத வயிற்றுவலியாகவோ பல்வலியாகவோ இருக்கும்.

‘சொன்ன பேச்சு கேட்கிற பொண்ணு, பயமில்லை.’

எனக்குப் பயமே அங்கேதான். ஐந்து வயதில் ‘மாமாவுக்கு முத்தம் குடு’ என்று பழக்கிவிட்டு, பதின்மூன்றில் அதற்கே திட்டினால் அவளுக்கு என்ன விளங்கும்? யார் தொடலாம், எங்கே தொடலாம், உடை எங்கே மாற்றலாம் என்பதை அவள் குழந்தையாக இருக்கும்போதே விதியாகச் சொல்லித்தர வேண்டும். வீட்டில் அவள் சொல்லும் ‘வேண்டாம்’ ஒருநாளும் மதிக்கப்படாவிட்டால், வெளியே அதைச் சொல்லும் துணிவு அவளுக்கு வராது. இறுக்கிப் பின்னுகிற சடை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தையின் இயலாமையைப் பயன்படுத்தி நடக்கும் பாலியல் குற்றம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் கடுமையான குற்றம். வாக்குமூலம் தரும்போது சிறப்பாசிரியரின் உதவியைப் பெறவும் அச்சட்டத்தில் இடமிருக்கிறது. உதவிக்கு அழைக்க, குழந்தைகள் உதவி எண் 1098.

‘கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி.’

1994-இல் புனேயில் அரசுக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு இதைச் செய்தபோது நாடே கொதித்தது. இன்றும் அடங்கிய குரலில் இந்த யோசனை வந்துகொண்டுதான் இருக்கிறது. கருவுற முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையையும், அவளே புரிந்து சம்மதிக்காமல் செய்யக்கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கர்ப்பப்பை இல்லை என்பதால் யாரும் அவளைத் தொடாமல் இருக்கப் போவதில்லை. நடந்த கொடுமை வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். அதிக உதிரப்போக்குக்கும் வலிக்கும் மகப்பேறு மருத்துவரிடம் மருந்து உண்டு.

‘அவளுக்கு என்ன புரியும்? சொல்லாம இருக்கிறதே நல்லது.’

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். யாரும் எதுவும் சொல்லாத பெண் முதல் நாள் இரத்தத்தைப் பார்த்தால் எங்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் நினைப்பாள். மார்பு அரும்பியதிலிருந்து முதல் மாதவிடாய் வரை சுமார் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களில் நேரடியாகப் பேசுங்கள். ‘வீட்டுக்குத் தூரம்’ என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்பாள்.

நாப்கினை முன்கூட்டியே பழக்குங்கள். பிரிக்கும்போது வரும் சரசரப்பும் பசையின் இழுப்பும் வாசனையும் நமக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு முள். வாசனை இல்லாததை வாங்கி, முதலில் கையில் கொடுத்து, பிறகு பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று அணியச் செய்யலாம். உள்ளாடையில் நாப்கின் ஒட்ட வேண்டிய இடத்தைத் துணி மார்க்கரால் கோடு போட்டுக் காட்டலாம். எடுப்பது, காகிதத்தில் சுற்றுவது, குப்பைக் கூடையில் போடுவது, கை கழுவுவது என்று வரிசையாகப் படம் எடுத்துக் குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டலாம். ‘நனைஞ்சா மாத்து’ என்பது பலருக்கு உதவாது, நனைந்ததே தெரியாமல் போகலாம். காலை எழுந்ததும், இடைவேளையில், பள்ளி விட்டு வந்ததும் என்று நேரம் குறித்துக் கொடுங்கள்.

மஞ்சள் நீராட்டு விழா? மைக்செட், பட்டுப் புடவை, கன்னத்தைத் தடவும் ஐம்பது கைகள். அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மண்டபத்துக்கு வைத்த முன்பணம் போனாலும் போகட்டும்.

மகளுக்கு எட்டு வயது ஆகிவிட்டதா? இந்த மாத மளிகைப் பட்டியலில் ஒரு பாக்கெட் நாப்கினையும் சேர்த்து எழுதுங்கள்.