புல் முடிந்த வழியும் புவியிடங்காட்டியும்

முன்னுரை

வழி காட்டுதல் தமிழர்க்குப் புதிய கலையன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை நூல்களாக அமைந்துள்ளமை அனைவரும் அறிந்ததே. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை விளக்கும் நூலாகும். அதனைப் பாடிய பெருங்கௌசிகனார், வழியில் உள்ள பொறிகளையும் பாம்பு உறையும் குழிகளையும் வழுக்கும் நிலங்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கின்றார். வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகின்றார். முன் சென்றவர் இட்ட புல்முடிச்சு, பின் வருவோர்க்கு வழிகாட்டும்.

அந்தப் புல்முடிச்சின் பணியைச் செய்யும் கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது. அதுவே ஜி.பி.எஸ். எனப்படும் கையடக்கப் புவியிடங்காட்டி. மலையேற்றத்திற்கும் காட்டுவழிப் பயணத்திற்கும் இக்கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் ஒருவன் இதனை எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவ மாணவியர் பதினால்வருடன் ஆவடியிலிருந்து திருவள்ளூர், பூண்டி வழியாகக் குடியம் குகைகளைக் காணச் சென்றிருந்தேன். பழைய கற்கால மனிதர் தங்கிய பாறை ஒதுக்கிடங்கள் அவை. ஊரைக் கடந்து முட்புதர்க் காட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசிகள் அனைத்தும் தொடர்பிழந்தன. நிலப்படத்தை முன்னரே இறக்கி வைத்திருக்கவில்லை. திரையில் வெற்றுக் கட்டத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரிந்தது. மாட்டுத்தடங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றின. இரண்டு மணி நேரம் அலைந்தோம், தண்ணீர் தீர்ந்தது, மாணவி ஒருத்தி மயங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "பாறைக்கு வந்தீங்களா ஐயா? இந்தப் பக்கம் வந்தா ஆந்திராவுக்குத்தான் போவீங்க" என்று கூறி எங்களைத் திருப்பி அழைத்து வந்தார். வழித்துணை இன்றிச் சென்றது என் பிழையே. பிள்ளைகளைப் பெற்றோர் என்னை நம்பி அனுப்பியிருந்தனர் என்ற நினைவு, அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

கருவி செயற்படும் முறை

தேர்வு செய்வதற்கு முன், கருவி எவ்வாறு இடத்தைக் காண்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். அமைப்பில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகை வலம் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்கின்றது. அவ்வலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடும். மூன்று கோள்களின் தொலைவு இடத்தைத் தரும். கருவியின் கடிகாரப் பிழையை நீக்க நான்காவது கோள் தேவை. ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும் என்பதை எண்ணினால் இதன் நுட்பம் விளங்கும்.

இவ்வமைப்பு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அக்காலத்தில் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்ததால், 100 மீட்டர் வரை வேறுபாடு இருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அப்பிழையை நீக்கியது. அதன் பின்னரே நடைபயணத்திற்கு இக்கருவி முழுப்பயன் தந்தது எனலாம். இன்று திறந்த வானத்தின் கீழ் நல்ல கருவி சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும்.

இங்கு மாணவர் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இக்கருவி கேட்குமே தவிர, பேசாது. செயற்கைக்கோளுக்கு நம் இருப்பிடம் தெரியாது, வேறெவர்க்கும் தெரியாது. 'ஜி.பி.எஸ். வைத்திருக்கிறோம், காணாமற்போனால் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று எண்ணுவது பேதைமை.

விண்ணை அளந்து இடமறியும் முறை நம் கடலோடிகளுக்கும் பழக்கமானதே. அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையில் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கட்டி, துருவ விண்மீனின் உயரத்தை அளந்தனர். சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடமும் அத்தகைய கருவி இருந்தது; அதனை 'ராப்பலகை' என்றனர். சென்னையில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும். சென்னையின் அட்சரேகையும் 13 பாகையே. புல்லின் முடிச்சும் கயிற்றின் முடிச்சும் செய்த பணியையே இக்கருவி இன்று எண்களால் செய்கின்றது.

எண்களைப் படிக்கும் முறை

கருவி தரும் எண்களைத் தவறாகப் படித்தால் அதன் துல்லியம் பயனற்றுப்போகும். ஆவடியின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை 7 கலை. இதனை ஒரு மாணவர் 13.07 பாகை எனக் கருவியில் இட்டால் என்னாகும்? ஒரு பாகைக்கு 60 கலைகள் ஆதலின், 7 கலை என்பது 0.117 பாகையாகும். வேறுபாடு 0.047 பாகை, தரையில் அது 5 கிலோமீட்டருக்கும் மேல். ஆவடியைத் தேடியவர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் நிற்பார். ஊருக்குள் இது நகைப்புக்குரியது, மலையில் உயிருக்குரியது. ஆதலின் குழுவினர் அனைவரும் ஒரே எண்முறையைக் கையாளுதல் வேண்டும்.

மற்றொரு பிழை நம் பகுதியின் வரலாற்றோடு தொடர்புடையது. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே சென்றால் பரங்கிமலையை அடையலாம். அம்மலையருகே 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன், நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே அடிப்படையாயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-இல் புவியின் வடிவத்திற்கு ஓர் அளவினை வகுத்தார். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் அவ்வளவின்படி வரையப்பட்டவை. புவியிடங்காட்டியோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்னும் அளவினைப் பின்பற்றுகின்றது. இரண்டையும் கலந்தால் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபாடு தோன்றும். ஓடையின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் நிற்பதாக எண்ண அதுவே போதும். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட படங்கள் புதிய அளவினையே கொண்டவை. படத்தின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள அளவின் பெயரைப் பார்த்து, கருவியில் அதனையே அமைத்தல் வேண்டும்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, அலைவாங்கும் திறன். ஜி.பி.எஸ். மட்டுமன்றி ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தூ ஆகியவற்றையும் ஏற்கும் கருவி, பள்ளத்தாக்கிலும் அடர்காட்டிலும் மிகுதியான கோள்களைக் காணும். நம் நாட்டின் நாவிக் அமைப்புக்குரிய முதற்கோள் 2013-இலும் ஏழாவது 2016-இலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டன. எனினும் சில கோள்களின் அணுக்கடிகாரங்கள் பழுதுற்றமையால், மலையில் அதனை மட்டுமே நம்புதல் தகாது. பிற அமைப்புகளுடன் சேர்த்தே கொள்ளல் வேண்டும். இரண்டு அலைவரிசைகளை ஏற்கும் கருவிகள், பாறைமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையால் நேரும் பிழையைக் குறைக்கும், விலை கூடுதல்.

இரண்டாவது, மின்கலம். உள்ளேயே பொருத்தப்பட்ட மின்கலம் நீண்ட நேரம் உழைக்கலாம். ஆனால் தீர்ந்தால் மலையில் ஏற்ற வழியில்லை. கடிகாரத்திலும் கைவிளக்கிலும் இடும் 'டபுள் ஏ' மின்கலங்களால் இயங்கும் கருவிக்கு, மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசைக் கருவிகள் பல இவ்வகையின. மாணவர் குழுவிற்கு இவ்வகையே ஏற்றது என்பது என் கருத்து.

மூன்றாவது, பொத்தானா தொடுதிரையா என்பது. தொடுதிரையில் எழுதுவது எளிது. ஆனால் மழையிலும், வியர்த்த விரலாலும், கையுறை அணிந்தபோதும் அது கட்டளையை ஏற்க மறுக்கும். பொத்தான் மெதுவானது, ஆயினும் நம்பத்தக்கது. வெயிலில் தெளிவாகத் தெரியும் திரையா என்பதையும் கடையின் வெளியே வந்து பார்த்தல் வேண்டும்.

நான்காவது, நிலப்படம். சமவுயரக்கோடுகளைக் கொண்ட படத்தை ஏற்று, தொடர்பின்றியே காட்டும் கருவியே மலைக்குரியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற கட்டணமற்ற படங்களை ஏற்றும் வசதி உண்டா என்று கேட்டறிதல் நலம்.

ஐந்தாவது, உயரமானியும் திசைகாட்டியும். செயற்கைக்கோளால் அறியும் உயரத்தில் பிழை மிகுதி. காற்றழுத்த உயரமானி அதனைத் திருத்தும். எனினும் வானிலை மாறினால், ஏறாத மலையை ஏறியதாக அது காட்டும். உயரம் தெரிந்த இடந்தோறும் அதனைச் சரிசெய்தல் வேண்டும். மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நடக்கும்போது மட்டுமே திசை காட்டும். நின்றால் அம்புக்குறி பொருளற்றதாகிவிடும்.

ஆறாவது, உறுதி. 'ஐ.பி.எக்ஸ். 7' என்னும் தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்குவதைக் குறிக்கும். நம் பருவமழைக்கு இத்தரம் இன்றியமையாதது.

வாங்குமுன் எவரிடமேனும் இரவல் பெற்றுச் சோதித்தல் சிறந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே தடம் வந்து முடிகின்றதா எனக் காண்க. பின்னர் அம்பத்தூரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே நடந்து பார்க்க. ஏரிக்கரையில் நேராக வந்த தடம் அங்கே வளைந்து நெளிவதைக் காணலாம். பள்ளத்தாக்கில் நிகழப்போவதும் அதுவே.

கைப்பேசி போதாதா?

இவ்வினா நியாயமானது. கைப்பேசியிலும் அலைவாங்கி உண்டு. கோபுரத் தொடர்பின்றியும் அது இடங்காட்டும். படத்தை முன்னரே இறக்கி வைத்திருந்தால், குடியத்தில் நாங்கள் அலைந்திருக்க மாட்டோம். ஒரு பகற்பொழுதில் திரும்பும் எளிய நடைக்கு அதுவே போதும். ஆனால் படம் எடுக்கவும், ஆபத்தில் பேசவும் அதே மின்கலந்தான் உதவ வேண்டும். வழி காட்டியே தீர்ந்துபோன கைப்பேசியால் உதவிக்கு அழைக்க இயலாது. இரவு தங்கும் பயணத்திற்கும் மழைக்காலப் பயணத்திற்கும் தனிக்கருவி தேவை என்பது இதனால் பெறப்படும்.

சட்டம் அறிக

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. இவை கேட்பதோடு பேசவும் செய்வன. மேலை நாடுகளில் மலையேறுவோர் இவற்றை இயல்பாக வைத்திருப்பர். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றி இவற்றை வைத்திருத்தல் குற்றமாகும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கோவா விமான நிலையத்தில் இத்தகைய கருவி வைத்திருந்த வெளிநாட்டவர் மீது வழக்குப் பதியப்பட்டது. வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வரும் பொருள் வழக்காகிவிடக் கூடாது. கேட்க மட்டும் செய்யும் கருவியா, பேசவும் செய்யும் கருவியா என்பதைப் பெரியோர் முன்னரே விசாரித்து அறிதல் நன்று.

கருவி கூறாதவை

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இளைஞர் பலர் அவருள் அடங்குவர். தாம் நிற்கும் இடம் எது என்பதை அறிந்திருந்தாலும், காய்ந்த புல்வெளியில் தீ எத்திசையிலிருந்து வரும் என்பதை எக்கருவியும் அவர்க்குக் கூறியிராது. கோடையில் அப்புல்வெளியின் தன்மை எது, எவ்வழி திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்பனவெல்லாம் அம்மண்ணில் வாழ்வோர் அறிந்த அறிவாகும்.

அத்துயரத்தின் பின்னர் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களைக் கொண்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று வழித்துணையாக வருகின்றனர். நாங்கள் வழிதவறிய குடியமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அனுமதி பெற்று, வழித்துணையோடு செல்வதே முறை.

முடிவுரை

இவ்வாண்டு மாணவர்கள் மீண்டும் மலைப்பயணம் கேட்டு வந்து, "எந்தக் கருவி வாங்கலாம் ஐயா?" என்று வினவினர். கூடிப் பேசி முடிவு செய்தோம். பொத்தான்களால் இயங்கும் எளிய கருவி ஒன்று, மாற்று மின்கலங்கள் இரண்டு இணை, அச்சிட்ட நிலப்படம், காந்தத் திசைகாட்டி, எல்லாவற்றிற்கும் முதலாக வனத்துறையின் அனுமதியும் வழித்துணையும். செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதித் துறையில் ஒரு படியும் பெற்றோரிடம் ஒரு படியும் கொடுத்துச் செல்வது என்பதும் முடிவாயிற்று. பேசாத கருவிக்கு மாற்றாகப் பேசுவது அந்தத் தாளே.

கருவியை இயக்கப் போகும் மாணவியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே. வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அவ்விடத்தைக் கருவியில் பதிவு செய்ய வேண்டும். அன்று மயங்கும் நிலைக்கு வந்த மாணவியின் தங்கை அவள். "புல் முடியச் சொல்கிறீர்கள், அப்படித்தானே ஐயா?" என்றாள். மலைபடுகடாம் பாடம் அவளுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.